கெண்டைக்கால் வலி... நின்றதும் ஓடலாமா? - போலீஸ் தேர்வு முதல் மாரத்தான் வரை ஓடுபவர்களுக்கான வழிகாட்டி

சீருடைப் பணியாளர் தேர்வுக்கான அறிவிப்பு வந்துவிட்டால் போதும்... ஊருக்கு ஊர் பள்ளி மைதானங்களில் அதிகாலை ஐந்து மணிக்கே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்கு அடுத்து நிற்கும் பெரிய தடை ஓட்டம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. முடிக்காவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

7 நிமிடம் என்பது ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. தினமும் ஓடிப் பழகியவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால், இரண்டு வருடமாகப் புத்தகமும் நாற்காலியுமாக இருந்த ஒருவர், இரண்டே மாதத்தில் அந்த வேகத்தை எட்ட நினைக்கும்போதுதான் சிக்கல். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும். கடைசிச் சுற்றை வேகமாக முடிக்கலாம் என்று காலை உந்தும் நேரத்தில், கெண்டைக்காலில் 'சுரீர்' என்று ஒரு வலி. அத்தோடு நிற்க வேண்டியிருக்கும்.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலும் இதே கதை நடக்கிறது. ஆட்கள்தான் வேறு. நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்து, ஜனவரியில் நடக்கும் மாரத்தானுக்காக மழைக்காலம் முழுக்கப் பயிற்சி எடுப்பவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் 'சுரீர்' என்று வராது. கெண்டைக்கால் மெள்ள மெள்ள இறுகி, ஐந்தாவது கிலோமீட்டரில் கல்லாகிவிடும்.

இரு தரப்பினரும் அடுத்து செய்வதும் ஒன்றுதான். நான்கைந்து நாள் ஓய்வு. வலி நின்றுவிடும். 'சரியாயிடுச்சு' என்று மறுபடியும் மைதானம். பெரும்பாலும் இரண்டாவது கிழிசல் அங்கேதான் நடக்கிறது. வலி போவது ஒரு கணக்கு, தசைக்குப் பழைய பலம் திரும்புவது வேறொரு கணக்கு. முதலாவது சில நாள்களில் முடிந்துவிடும். இரண்டாவதுக்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளி தெரியாமல் போவதால்தான் ஒரே காலில், ஒரே இடத்தில், மூன்று நான்கு முறை அடிபட்டவர்கள் ஒவ்வோர் ஓட்டக் குழுவிலும் இருக்கிறார்கள்.

கெண்டைக்குள் இரண்டு தசைகள்!

கெண்டை மீனைப் போல நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் மெலிந்திருக்கும் பகுதி என்பதால் கெண்டைக்கால் என்ற பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆடுசதை என்றும் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே தசையாகத் தெரிந்தாலும், உள்ளே முக்கியமாக இரண்டு தசைகள் இருக்கின்றன.

மேலே திரண்டு தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். இது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. திடீர் வேகம், குதித்தல், மேடேறுதல் எல்லாம் இதன் வேலை. அதற்கு அடியில் தட்டையாக ஒளிந்திருப்பது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. நீண்டநேரம் சளைக்காமல் உழைக்கும் தசை இது. இரண்டும் கீழே ஒன்றாகச் சேர்ந்து, குதிகாலில் போய் ஒட்டும் கெட்டியான அக்கிலிஸ் தசைநாராக மாறுகின்றன.

வெளியே தெரியாத சோலியஸ்தான் ஓட்டத்தில் பெரிய சுமைதாங்கி. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அது தாங்கும் விசை, உடல் எடையைப்போல ஆறு முதல் எட்டு மடங்கு வரை போகும் என்று ஓட்டத்தின் விசைகளை அளந்த ஆய்வுகள் சொல்கின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 360 கிலோவுக்கு மேல். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடும்போது ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 600 முறை தரையைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் இந்தச் சுமைதான். தொடை, இடுப்பு என்று பெரிய தசைகளுக்கே பயிற்சி கொடுக்கும் பலர் கெண்டைக்காலைக் கண்டுகொள்வதில்லை என்பது ஆச்சர்யம்தான்.

யாரோ கல்லால் அடித்ததுபோல...

எந்தத் தசையில் அடி என்பதை வலி வந்த விதமே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

வேகமாக ஓடும்போது, பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல ஒரு வலி வந்து, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லையா? மேல் தசையான காஸ்ட்ரோக்னீமியஸில் கிழிசல் ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குறிப்பாக, கெண்டைக்காலின் உள்பக்க மேட்டில். டென்னிஸ் ஆடுபவர்களிடம் அதிகம் பார்க்கப்பட்டதால் இதற்கு 'டென்னிஸ் லெக்' என்றே பெயர் உண்டு. இரண்டொரு நாளில் ரத்தக்கட்டு நீலமாகத் தெரியலாம். சில நேரம் அது கீழே இறங்கி, கணுக்கால் பக்கம்கூட வந்து நிற்கும். அடி மேலே பட்டிருக்க, கீழே கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

குறிப்பிட்ட நேரம் என்று சொல்ல முடியாமல், ஓட ஓட இறுகி, மறுநாள் படியிறங்கும்போது ஆழத்தில் வலித்தால் அது சோலியஸாக இருக்கலாம். இதில் வீக்கமோ நிறமாற்றமோ பெரிதாகத் தெரியாது. அதனால் 'சும்மா பிடிப்புதான்' என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். நீண்டதூர ஓட்டக்காரர்கள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பது பெரும்பாலும் இந்த வகையைத்தான்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்துபார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நேராக வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள். பிறகு முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு அதையே செய்யுங்கள். நேராக இருக்கும்போது அதிகம் வலித்தால் மேல் தசை. மடக்கும்போது வலித்தால் அடித் தசை. துல்லியமான முடிவு இல்லை என்றாலும், பிசியோதெரபிஸ்ட்டிடம் போகும்போது சொல்வதற்கு உதவும்.

லேசான கிழிசல் என்றால் ஒன்று முதல் மூன்று வாரங்கள், நடுத்தரம் என்றால் ஒன்று முதல் இரண்டு மாதங்கள், தசை முழுவதுமாக அறுந்திருந்தால் மூன்று நான்கு மாதங்கள் வரை ஆகலாம் என்பது பொதுவான கணக்கு.

'டப்' என்று சத்தம் கேட்டு, அதன்பிறகு அந்தக் காலின் நுனிவிரலில் எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால் அக்கிலிஸ் தசைநார் அறுந்திருக்கக்கூடும். இதற்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

குரக்களி வேறு, கிழிசல் வேறு

ஓடி முடித்த இரவில் தூக்கத்தில் கெண்டை பிரட்டிக்கொள்வது, கடைசிக் கிலோமீட்டரில் கால் கட்டையாகிப் போவது எல்லாம் குரக்களி. காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கமாக மெள்ள இழுத்துப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் விட்டுவிடும். கிழிசலில் அப்படி இழுத்தால் வலி கூடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

'தண்ணி பத்தலை, உப்பு பத்தலை' என்பதுதான் குரக்களிக்கு எல்லோரும் சொல்லும் காரணம். சென்னைப் புழுக்கத்தில் ஓடுபவர்களுக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், பழக்கமில்லாத வேகத்தில் ஓடித் தசை களைத்துப்போகும்போது, அதைக் கட்டுப்படுத்தும் நரம்புகளின் சமநிலை குலைவதுதான் முக்கியக் காரணம் என்று இப்போது பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் ஊறுகாய்த் தண்ணீரைக் குடிக்கவைத்துச் சோதித்தபோது, அது வயிற்றிலிருந்து ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே குரக்களி விட்டுவிட்டது. அதாவது, வேலை செய்தது உப்பில்லை. நாக்கிலும் தொண்டையிலும் பட்ட காரசாரமான சுவை, நரம்பு வழியாகத் தசைக்குக் கட்டளை அனுப்பியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. (அங்கே ஊறுகாய் என்பது வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய். ஆவக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டாம்!)

தாகத்துக்கு மேல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் அளவு சரிந்துவிடும். நீர்மோர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச்சாறு, ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவை நீண்ட ஓட்டங்களுக்கு நல்லது.

முதல் மூன்று நாள்கள்: எண்ணெயும் வேண்டாம், வழிப்பும் வேண்டாம்

நம் ஊரில் காலில் வலி என்றதும் முதலில் நடப்பது, சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் விட்டு அழுத்தி வழிப்பதுதான். வீட்டில் அம்மாவோ பாட்டியோ சுடச்சுட ஒத்தடம் கொடுப்பார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால், கிழிந்த தசையில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தமும் சூடும் அந்தக் கசிவைக் கூட்டிவிடும். ஒரு வாரத்தில் ஆற வேண்டியது மூன்று வாரமாகும்.

ஐஸ் வைக்கலாமா? ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்துதல் என்ற நான்கு அம்சச் சிகிச்சையை 1978-ல் தன் புத்தகத்தில் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். உலகம் முழுக்க விளையாட்டு ஆசிரியர்கள் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்றைக்குப் பலரும் சொல்வது: வலி தாங்க முடியாவிட்டால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஐஸ் வைக்கலாம். அது வலியைக் குறைக்கும், காயத்தை ஆற்றாது. மிதமான இறுக்கத்தில் கிரேப் பேண்டேஜ், படுக்கும்போது தலையணைமேல் கால், முடிந்த அளவுக்கு மெதுவான நடை ஆகியவை போதும். குதிகால் சற்று உயர்ந்த செருப்பு போட்டால் முதல் சில நாள்கள் நடப்பது சுலபமாக இருக்கும்.

இன்னொரு பழக்கம், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது. இது இரண்டு விதத்தில் தவறு. நிறுத்தச் சொல்லும் வலியை மாத்திரை மறைத்துவிடும். வியர்த்து நீரிழந்த உடம்பில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

ஓட்டத்தோடு சம்பந்தமில்லாத கெண்டைக்கால் வலி

இந்தப் பகுதியை ஓடாதவர்களும் படிக்க வேண்டும்.

ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தோல் சிவந்து அல்லது பளபளத்து, அடிபட்ட ஞாபகமே இல்லாமல் கெண்டைக்கால் வலித்தால், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் இதயத்தை நோக்கி மேலேறுகிறது. அதனால்தான் இதை இரண்டாவது இதயம் என்கிறார்கள். நீண்டநேரம் அசையாமல் உட்கார்ந்தால் அந்த பம்ப் நின்றுவிடும். இரவு முழுக்கப் பேருந்துப் பயணம், விமானப் பயணம், சமீபத்திய அறுவைசிகிச்சை, கர்ப்பம், கருத்தடை மாத்திரை ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டும். வெளியூரில் மாரத்தான் ஓடிவிட்டு, நீரிழந்த உடம்போடு பத்து மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து ஊர் திரும்புபவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். இந்த வலியை 'பிடிப்பு' என்று நினைத்து அழுத்தி வழித்தால், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். கால் வலியோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழைப்பதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் கவனிக்க வேண்டியது வேறு. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டு, மறுபடி நடந்தால் வலித்தால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். முதுகிலிருந்து இறங்கும் நரம்பு அழுத்தப்பட்டாலும் கெண்டைக்கால் வலிக்கும். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டு கால் தசைகளிலும் வலி வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திரும்பி வரும் வழி... வாசல்படியில் தொடங்குகிறது!

கெண்டைக்கால் காயம் யாருக்கு அதிகம் வருகிறது என்று பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் இரண்டு காரணங்கள்: கூடிய வயது, முன்பே அதே இடத்தில் பட்ட அடி. வயதை நம்மால் மாற்ற முடியாது. முதல் அடிக்குப் பிறகு எப்படித் திரும்புகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நொண்டாமல் நடக்க முடிகிற நாளிலிருந்து குதிகால் உயர்த்தும் பயிற்சியை ஆரம்பிக்கலாம். முதலில் சமதரையில், இரண்டு கால்களாலும். மூன்று எண்ணும்வரை மெதுவாக மேலே, மூன்று எண்ணும்வரை மெதுவாகக் கீழே. பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. நுணுக்கம் இறங்குவதில்தான் இருக்கிறது. 'தொப்'பென்று விழுந்தால் பலன் பாதிதான். அதே பயிற்சியை முழங்காலை மடக்கியும் செய்ய வேண்டும். இல்லையென்றால் அடித் தசைக்குப் போதுமான வேலையே கிடைக்காது. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அது சுலபமானதும் ஒற்றைக்கால். பிறகு வாசல்படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழேவரை இறக்கி ஏற்றுவது. அதுவும் சுலபமானால் பழைய பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். ஜிம் தேவையில்லை. தினமும் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் அது கூடியிருந்தால் முந்தைய படிக்குத் திரும்பிவிட வேண்டும்.

சரி, எப்போது ஓடலாம்? அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தும் வலி இல்லை, அடிபட்ட காலில் தனியாக இருபது முறைக்கு மேல் குதிகாலைத் தூக்க முடிகிறது, நல்ல காலோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை, அதே காலில் பத்துமுறை குதித்தாலும் வலிக்கவில்லை... இவ்வளவும் முடிந்தால் ஓட்டத்தைத் தொட்டுப் பார்க்கலாம். அதுவும் ஒரு நிமிட மெது ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றி, மொத்தம் இருபது நிமிடம். அடுத்த நாள் ஓய்வு. ஓடும் நேரத்தை மெள்ளக் கூட்டி, அரை மணி நேரம் தொடர்ந்து ஓட முடிந்த பிறகே வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மேடு, மணல், படிக்கட்டு எல்லாம் கடைசி.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. 'மணலில் ஓடினால் கால் பலமாகும்' என்று பயிற்சிக் களங்களில் சொல்வார்கள். பழகிய காலுக்கு அது உண்மையாக இருக்கலாம். உதிர் மணலில் ஒவ்வோர் அடியிலும் குதிகால் புதைவதால் கெண்டைக்கால் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆறிக்கொண்டிருக்கும் தசைக்கு மெரினா மணல் ஏற்ற இடமில்லை. சமவெளியான சென்னையில் ஓட்டக்காரர்களுக்கு மலை என்றால் மேம்பாலம்தான். திடீரென்று ஒருநாள் பத்துமுறை மேம்பாலம் ஏறி இறங்குவதும் இதே கணக்குதான்.

காலணியிலும் அதே விதி. குதிகால் பகுதி உயரம் குறைந்த ஷூவுக்கு மாறினாலும், வெறுங்காலில் ஓடினாலும், முன்பாதத்தில் இறங்கி ஓடப் பழகினாலும் சுமை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும் நகரும். 2009-ல் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' புத்தகத்தைப் படித்துவிட்டு, உலகம் முழுக்கப் பலர் ஒரே வாரத்தில் ஷூவைக் கழற்றினார்கள். கெண்டைக்கால்தான் அதற்கு விலை கொடுத்தது. வெறுங்கால் ஓட்டம் தவறில்லை. சிறுவயதிலிருந்து அப்படி ஓடியவருக்கு அது இயல்பு. மாற்றம் எந்தப் பக்கமாக இருந்தாலும் மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறதே?

மாரத்தானை அடுத்த வருடம் ஓடிக்கொள்ளலாம். போலீஸ் தேர்வுக்கு வயது வரம்பு இருக்கிறது. 'ரெஸ்ட் எடுங்க' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது.

முதல் வாரத்திலேயே பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துக் கிழிசல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கும். லேசான கிழிசல் என்றால் மூன்று வாரம் கைகொடுக்க வாய்ப்பிருக்கிறது. மூச்சுத்திறன் குறையாமல் இருக்க, வலிக்காத அளவுக்குச் சைக்கிள் ஓட்டலாம். கிணறோ நீச்சல்குளமோ இருந்து, நீச்சலும் தெரிந்தால் கால் தரையில் படாமல் தண்ணீருக்குள் ஓடும் அசைவைச் செய்யலாம். இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டத்திறன் பெரிதாகக் கரைந்துவிடாது. 'முடியுதான்னு பார்ப்போம்' என்று தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் 1,500 மீட்டரையும் முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். 7 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். ஐந்தரை நிமிடத்தில் முடிப்பவருக்கும் இந்தச் சுற்றில் அதே தேர்ச்சிதான். முதல் சுற்றிலேயே முந்தி ஓடாமல், கணக்காகச் சமவேகத்தில் ஓடினால் கெண்டைக்காலுக்குச் சுமை குறையும்.

நடுத்தரக் கிழிசல் என்றால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. வயதும் வாய்ப்பும் மிச்சமிருப்பவர், ஒரு தேர்வுக்காகத் தசையை முழுதாக அறுத்துக்கொள்வதில் லாபமில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு என்பவருக்கு முடிவு வேறாக இருக்கலாம். அதை மருத்துவரின் கருத்தைக் கேட்டுவிட்டு அவர்தான் எடுக்க வேண்டும்.

தேர்வு நாளில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பு, உயரம், மார்பளவு என்று ஒவ்வொரு வரிசையாக முடித்த பிறகே ஓட்டத்துக்கு அழைப்பார்கள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது செய்த வார்ம்-அப் எல்லாம் அதற்குள் ஆறிப்போயிருக்கும். வரிசையில் நிற்கும்போதே அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை மெதுவாக இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். அழைப்பு நெருங்கும்போது நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் குதித்துக் கொடுங்கள். சட்டை லேசாக வியர்க்க ஆரம்பித்திருந்தால், கால் தயார்.